ஆறு ஆண்டுகள் நின்ற பழைய புல்லட்டை வீட்டிலேயே சரிசெய்து மலையேறலாமா?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தங்கள் தந்தையார் ஓட்டிய 1988-ஆம் ஆண்டு 350 சிசி புல்லட், அவருடைய மறைவுக்குப் பின் ஆறு ஆண்டுகளாகத் திருச்சி வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், "இஞ்சினை இறக்கி ஏற்றாமல் ஒன்றும் நடக்காது" என்று சொல்லித் தங்களால் உடனே புரட்ட முடியாத தொகை ஒன்றையும் கூறியிருக்கிறார். தாங்களோ வீட்டிலேயே சர்வீஸ் செய்து, பொள்ளாச்சி வழியாக வால்பாறை வரை அதை ஓட்டிச் செல்ல விரும்புகிறீர்கள். எந்தெந்தச் சாமான் வாங்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வரிகளுக்கு இடையில் இருக்கும் கேள்விகள் இரண்டு என்று எனக்குப் படுகிறது: மெக்கானிக் சொன்னது சரிதானா என்பது ஒன்று, தன் கையால் பூட்டிய வண்டியை நம்பி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, வண்டி நிற்கும் இன்றைய நிலையில் யாராலும் விடை சொல்ல இயலாது, அந்த மெக்கானிக் உட்பட. இரண்டாவதற்கு, ஏறலாம் என்பதே என் விடை. ஆனால் வேலையை ஒரு வரிசைப்படி செய்திருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவன், இதே வகை வண்டியை இன்றும் வைத்திருப்பவன் என்ற அளவில் அந்த வரிசையைச் சொல்கிறேன்.

இஞ்சினின் குணம் தெரிந்தால் அச்சம் பாதி குறையும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1940-களின் இறுதியில் உருவான வடிவமைப்பு இது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் பிறந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியாகத் திருவொற்றியூருக்கு வந்து, அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே உற்பத்தியானது. சிலிண்டரின் உள்விட்டமான போர் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மி.மீ., கன அளவு 346 சிசி, திறன் சுமார் 18 குதிரைத்திறன். இந்தத் திறனை இன்றைய 150 சிசி வண்டிகள் சிலவே எட்டிவிடுகின்றன. ஆகவே இரட்டிப்புக்கும் மேல் கொள்ளளவு கொண்ட இந்த இஞ்சின் தன் உடம்பை அவ்வளவாக வருத்திக்கொள்வதில்லை என்று பொருள். நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த ஃப்ளைவீலும் குறைந்த அழுத்த விகிதமும் சேர்ந்து, சின்னச் சின்னப் பிழைகளை மன்னித்துவிடும் குணத்தை இதற்குத் தந்திருக்கின்றன. அது மன்னிக்காத பிழை ஒன்று உண்டு, அதற்குப் பின்னர் வருகிறேன். வீட்டு வேலைக்கு வசதியான இன்னொரு அமைப்பு, இஞ்சின், அதன் சுழற்சியைச் செயின் வழியாகக் கிளட்ச்சுக்குக் கொண்டுசெல்லும் பிரைமரி கேஸ், கியர்பாக்ஸ் மூன்றும் தனித்தனிப் பெட்டிகளாக, தனித்தனி எண்ணெயோடு இருப்பது. ஒன்றைத் தொட மற்றதைக் கலைக்க வேண்டியதில்லை.

முதலில் செய்யக் கூடாதது: பெட்ரோல் ஊற்றிக் கிக்கரை மிதித்துப் பார்ப்பது. ஆறு ஆண்டுகளில் சிலிண்டர் சுவரில் பூச்சுத் துரு படிந்திருக்கக் கூடும். வார்ப்பிரும்புக்கு அது இயல்பு. அந்தத் துருவின் மேல் பிஸ்டன் ரிங்கை இழுத்தால், நல்ல நிலையில் இருந்த போர் ஒரே காலையில் கெட்டுப்போகும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஐந்தாறு மில்லி இஞ்சின் ஆயிலை விட்டு, இரண்டு நாள் அப்படியே நிறுத்துங்கள். பிறகு சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகாம்ப்ரஷன் லீவரை அழுத்திக்கொண்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். சுழன்றால் மேலே செல்லலாம். எங்காவது முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டாமல் இன்னும் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்குப் பின்னும் அசையவில்லை என்றால், மெக்கானிக் சொன்னது அந்த இடத்திலேயே உறுதியாகிவிடும்.

சுழன்ற இஞ்சினைப் பார்த்து "இறக்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்வார்: நீலப் புகை, கம்ப்ரஷன் இல்லாமை, உள்ளே தட்டும் சத்தம். இவற்றில் முதல் இரண்டும் நெடுநாள் நின்ற புல்லட்டில் பொய் சொல்லும். இந்த இஞ்சினில் எண்ணெய்த் தொட்டி தனியாக வெளியே இல்லை. கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. வண்டி நிற்கும்போது தொட்டியிலுள்ள எண்ணெய் பம்பைக் கடந்து சொட்டுச் சொட்டாகக் கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். மாதக்கணக்கில் நின்றால் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ஃப்ளைவீல் எண்ணெயைக் கடைந்து மேலே வீசும். சைலென்சரிலிருந்து தெருவை மறைக்கும் அளவுக்குப் புகை வரும். பார்ப்பவர் ரிங் போய்விட்டது என்பார். அதே போல, வால்வு இருக்கையில் துருவோ கரியோ ஒரு துணுக்கு உட்கார்ந்தாலும், வால்வைத் திறக்கும் புஷ் ராடின் இடைவெளியான டேப்பட் இறுகியிருந்தாலும் கம்ப்ரஷன் இல்லாதது போலத்தான் தெரியும். ஆகவே அந்த அறையை வடித்து, டேப்பட்டைச் சரிசெய்து, கால் மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே இந்த இரண்டு அறிகுறிகளையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதான தட்டும் சத்தம் வேறு வகை. அதை எழுத்தில் கேட்டு என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது; எவராலும் முடியாது.

சாமான்களைப் பற்றிக் கேட்டதால் ஒரு எச்சரிக்கை. இந்தக் காலத்துப் புல்லட்டில் போல்ட், நட்டு எல்லாம் ஒரே அளவுமுறையில் இருப்பதில்லை. பிரிட்டிஷ் மரபின் விட்வொர்த், சைக்கிள் மரைகள் ஒரு பக்கம், மில்லிமீட்டர் மரைகள் ஒரு பக்கம் என்று கலந்திருக்கும். முப்பது ஆண்டில் யார் யாரோ கையில் கிடைத்ததைப் போட்டுப் பூட்டியும் இருப்பார்கள். 13, 14 ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துவது போலிருக்கிறதே என்று திருப்பினால் நட்டின் முனை மழுங்கிவிடும். திருச்சியில் பழைய ஹார்டுவேர் கடைகளில் விட்வொர்த் ஸ்பேனர் செட் கேட்டுப் பாருங்கள், பழைய சாமான் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்தக் காலத்து உருக்கு நன்றாக இருக்கும். இத்துடன் ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், மண்ணெண்ணெய், ஒரு கிலோ பனியன் வேஸ்ட், கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே வைக்க நான்கைந்து பழைய டிபன் டப்பாக்கள் போதும். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் படித்த காலத்தில் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து வைப்போம்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். இந்த இஞ்சின் மன்னிக்காத பிழை இங்கேதான் இருக்கிறது. கனெக்டிங் ராடின் அடிப்பகுதியான பிக் எண்டில், பிற்கால வண்டிகளைப் போல உருளை பேரிங் இல்லாமல், வெண்கலத்தாலான மிதக்கும் புஷ் ஒன்றை வைத்திருப்பார்கள். எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்வதுதான் அதன் வாழ்வு. எண்ணெய் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அது பல்லாண்டு உழைக்கும். சில நிமிடங்கள் வறண்டால் முடிந்தது. அதற்கு எண்ணெய் தருவது, கிராங்க் முனையிலுள்ள வார்ம் கியர் ஓட்டும் சிறிய பிஸ்டன் பம்பு. இரண்டு பம்புகள் உண்டு: ஒன்று தொட்டியிலிருந்து எடுத்து ஃபில்டர் வழியாகப் பிக் எண்டுக்கு அனுப்பும், மற்றது கீழே வடிந்ததைத் திருப்பி எடுத்து மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கருக்கும் தொட்டிக்கும் தரும். இரண்டும் மெல்ல ஓடுபவை. அதனால் ஃபில்டர் அறை ஒருமுறை காலியானால் அது நிறையும் வரை பிக் எண்டுக்கு ஒரு சொட்டும் போகாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வண்டிக்கு நானே எண்ணெய் மாற்றி, ஃபில்டர் ஃபெல்ட்டைப் புதிதாகப் போட்டு, மூடியைப் பூட்டிய கையோடு கிக்கரை மிதித்து, சென்னைக்குக் கிளம்பினேன். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் மரக்கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம் கீழிருந்து வந்தது. கியரைக் குறைத்தேன், வேகத்தைக் குறைத்தேன், சத்தம் குறையவில்லை. வண்டி லாரியில் ஊர் திரும்பியது. புஷ்ஷைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு பக்கம் உருகி இழுத்திருந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஒருவன் செய்த பிழை என்பதால் அன்றைக்கு எவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்வதில் கூச்சமில்லை.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது இது. தொட்டியின் வடிகால் பிளக்கையும் கிராங்க் அறையின் வடிகால் பிளக்கையும் இரண்டையும் திறந்து, ஓர் இரவு முழுக்க வடியவிடுங்கள். வலைச்சல்லடைகளை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ஃபில்டரைக் கழற்றும்போது ஸ்பிரிங், வாஷர், ஃபெல்ட் ஆகியவை எந்த வரிசையில் வந்தன என்பதைப் பார்த்து வையுங்கள். வரிசை மாறினால் எண்ணெய் வடிகட்டப்படாமல் பக்கவாட்டில் நழுவிப் போகும். புதிய ஃபெல்ட்டை எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். மொத்தக் கொள்ளளவு இரண்டேகால் லிட்டருக்குப் பக்கம் வரும், ஆயினும் அளவுகுச்சியைப் பார்த்தே ஊற்றுங்கள். அடுத்து, பிளக்கைக் கழற்றியே வைத்துக்கொண்டு, ஃபில்டர் மூடியின் நட்டைச் சற்றே தளர்த்தி, மூடியின் விளிம்பில் எண்ணெய் கசியும் வரை கிக்கரைப் பொறுமையாக மிதியுங்கள். ஐம்பது முறையும் ஆகலாம், நூறு முறையும் ஆகலாம். கசிந்த பிறகும் நட்டை இறுக்கிவிட்டு இன்னொரு முப்பது முறை மிதியுங்கள். அதற்குப் பின்னரே பிளக்கை மாட்டலாம். ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி அங்கே எண்ணெய் வருகிறதா என்று பார்ப்பது பலருடைய வழக்கம். பார்ப்பது நல்லதுதான்; ஆனால் அங்கே வருவது திருப்பி எடுக்கும் பம்பின் எண்ணெய். கீழே ஏற்கெனவே தேங்கியிருந்ததைக்கூட அது மேலே தள்ளிக் காட்டிவிடும். பிக் எண்டுக்குப் போகிறதா என்பதற்கு ஃபில்டர் மூடியின் கசிவே நேரடிச் சாட்சி.

எந்த எண்ணெய் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 20டபிள்யூ40 என்பார் ஒருவர், 20டபிள்யூ50 என்பார் மற்றொருவர். நம் ஊர் வெயிலுக்கும் தேய்ந்த பழைய பம்புக்கும் சற்றுக் கெட்டியானதே தக்கது என்பது என் கருத்து, நான் 50-ஐத்தான் ஊற்றுகிறேன். 40-ஐ ஊற்றி லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர்களையும் அறிவேன். இதற்காகச் சண்டை போடுவதைவிட, மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுவது மேல்.

டேப்பட் வேலை எளிது. சிலிண்டரின் வலப்புறம் அடியில் ஒரே நட்டில் நிற்கும் சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் கீழ்முனைகள் தெரியும். இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் உச்சியில் நிற்க வேண்டும். புஷ் ராடை விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையில்லை. இந்த இஞ்சினுக்கு இடைவெளி அளவு பூஜ்யம்தான். எக்ஸாஸ்ட் பக்கத்தை ஒரு மயிரிழை தளர்வாக விடுவது என் பழக்கம், ஏனென்றால் இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு மூடாமல் எரிந்துபோகும். தளர்ந்தது டிக் டிக் என்று சத்தம் போடுவதோடு நின்றுவிடும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும், மூன்றாம் முறை பத்து நிமிடம்.

அடுத்து பாயின்ட், அதாவது பிளக்கில் பொறி விழும் கணத்தைத் தீர்மானிக்கும் சிறு மின்சுவிட்ச். நெடுநாள் நின்ற வண்டியில் பாயின்ட் முகத்தில் படலம் படிந்திருக்கும், மின்சாரம் கடக்காது. மிக நைசான உப்புத்தாளால் இரண்டு முறை இழுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வையுங்கள். பாயின்ட்டோடு இணைந்த கண்டென்சரைச் சோதித்துக்கொண்டிராமல் புதிதாக மாற்றிவிடுங்கள். விலை அற்பம், ஆனால் சூடேறியதும் இஞ்சின் அணைந்து, ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் அந்தத் தொல்லைக்கு நான் பார்த்தவரையில் அதுவே முதல் குற்றவாளி. பொறி விழும் நேரமான டைமிங்கைப் பொறுத்தவரை, வேகம் கூடும்போது அந்த நேரத்தை முன்தள்ளும் அட்வான்ஸ் எடைகள் ஓய்வில் இருக்க, பிஸ்டன் உச்சியைத் தொட 0.8 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும் என்பது இந்த இஞ்சினுக்குரிய அளவு. பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியே கம்பி விட்டு அளப்பதில் சிறு பிழை வரும். அதனால் அளந்து வைத்த பிறகு ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்: கிக்கர் காலைத் திருப்பி உதைத்தாலும், மேட்டில் இஞ்சின் கணகணவென்று ஒலித்தாலும் டைமிங் முந்திப் போயிருக்கிறது, இழுவை மந்தமாகி சைலென்சர் வாய் மிதமிஞ்சிச் சூடானால் பிந்திப் போயிருக்கிறது.

பாயின்ட் திறக்கும் கணத்தைக் காண விளக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஹெட்லைட் மேலேயுள்ள அம்மீட்டர் வேலை செய்கிறதென்றால் அதுவே போதும். சாவியைப் போட்டதும் பாயின்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்த கணத்தில் நடுவுக்கு வரும். தங்கள் தந்தையார் ஸ்டார்ட் செய்யும் முன் கிக்கரை மெல்ல அழுத்தி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கலாம். முள் நடுவுக்கு வந்ததும் டிகாம்ப்ரஷனை அழுத்திப் பிஸ்டனை உச்சி தாண்டிச் சற்றே நகர்த்தி, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதியில் கீழே இறக்குவார்கள். முரட்டுத்தனமாகத் தாவி மிதிப்பவர்களைவிட இந்த ஒரு மிதிக்காரர்களின் முழங்கால்தான் நெடுநாள் நன்றாக இருந்திருக்கிறது.

மின்சாரத்தில் நான் விரிவாகப் போகப் போவதில்லை. வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதைப் பழைய பாட்டரியையும் பல்பையும் பார்த்து முடிவு செய்யுங்கள், ஆண்டை வைத்து ஊகிக்காதீர்கள். பலர் இடையில் மாற்றியிருப்பார்கள். எர்த் இணைப்புகளைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள். எலி கடித்த வயர் இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் அந்த வயரையே மாற்றுங்கள்.

பெட்ரோல் பக்கம் டேங்கே முதல் சந்தேகம். பழைய பெட்ரோலை முழுதாக இறக்கி, வாய் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் கைப்பிடியளவு சிறு நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கிக் கழுவுவது பழைய வழி. போட்ட நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுப்பது, நின்ற டேங்கின் அடியில் நீர் பிரிந்து துரு பிடிப்பது ஆகியவை உறுதியான செய்திகள். 1988-இல் செய்த ரப்பர்க் குழாயும் வாஷரும் அதைத் தாங்கும் என்று எண்ணாமல், குழாய், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓரிங் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்களை வாயால் ஊதாமல் காற்றுப் பம்பால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டுக் குத்தினால் ஜெட் பெரிதாகிவிடும். ஏர் ஸ்குருவை முழுதாக மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். மீதியை இஞ்சின் சூடான பிறகு காதால் சரிசெய்யலாம். ஈயமில்லாப் பெட்ரோலால் பழைய வால்வு இருக்கைகள் தேய்ந்துவிடும் என்று தங்களை ஒருவர் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். அதற்குப் பின் பல ஆண்டுகள் தந்தையார் இதே வண்டியை ஓட்டியிருக்கிறார். டேப்பட் இடைவெளி அடிக்கடி தானாகச் சுருங்கினால் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கலாம்.

இடப்புறம் பிரைமரி கேஸின் பெரிய மூடி ஒரே நட்டில் நிற்பது. கால்வைப்புக் கம்பியையும் பிரேக் பெடலையும் கழற்றிவிட்டால் மூடி கையோடு வரும். உள்ளேயுள்ள பிரைமரி செயினின் ஆட்டம் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. அளவு போதும். நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, சாவி போடாமல், கிக்கரை மிதித்துப் பிரித்துவிடலாம், மூடியைக் கழற்ற வேண்டிய அவசியமே வராமலும் போகலாம். நான்கு கியர் பெட்டியில் எதை ஊற்றுவது என்பது புல்லட்காரர்களின் தீராத வழக்கு. கெட்டியான கியர் ஆயில் மட்டும் ஊற்றினால் சில பெட்டிகளில் கசிந்துவிடுகிறது. கிரீஸ் மட்டும் அடைத்தால் பற்கள் அதில் தடம் பதித்துக்கொண்டு வறண்டு சுழல்கின்றன. இரண்டையும் கலந்து, ஓடும் கூழ்போல வைப்பதே எனக்குக் கைகொடுத்தது. கியர் ஒழுங்காக விழுகிறது, நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவரும் நியூட்ரல் ஃபைண்டர் பெடல் வேலை செய்கிறது என்றால் அந்தப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

மலைக்குப் போகும் வண்டிக்கு இஞ்சினைவிட டயரும் பிரேக்கும் முக்கியம். டயரின் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பக்கச் சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தங்கள் வண்டி ஆறு ஆண்டு நின்றதென்றால் டயர்களுக்கு அதற்கும் மேல் வயதிருக்கும், ட்யூபோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஷூ வைக்கும் கேம் பின்னைக் கழற்றித் துருவை நீக்கி, மிகக் கொஞ்சம் கிரீஸ் இடுங்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக் கூடும் என்பதால், டிரம்முக்குள் உள்ள தூளை ஒருபோதும் ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பின்சக்கரச் செயினை இறுக்கும்போது இரண்டு பக்கத்து நத்தைவடிவ கேம்களும் ஒரே எண்ணிக்கைப் பள்ளத்தில் நிற்க வேண்டும். பெடல்களின் இடமும் மனதில் இருக்கட்டும்: இந்த வண்டியில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். புதிய வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். மலைக்கு முன் ஊருக்குள் சில நாள் ஓட்டிக் கால் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை சிலவும் இருக்கின்றன. கிராங்கைப் பிரித்துப் புஷ் மாற்றுவதும் ஃப்ளைவீல்களை நேர்ப்படுத்துவதும் பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள பட்டறை வேலை. சிலிண்டர் ரீபோரும் வால்வு கைடும் லேத் பட்டறைக்கு. ஸ்போக் இழுத்துச் சக்கரத்தை நேராக்குவது அதற்கென்றே இருக்கும் கைகளுக்கு. நானே இந்த மூன்றையும் இன்றும் வெளியில்தான் கொடுக்கிறேன். ஒரு நண்பரின் வண்டியில் வெறும் புகைக்காக ஒரு பட்டறையில் இஞ்சினை இறக்கி, நன்றாக இருந்த புஷ்ஷை மாற்றி, ஃப்ளைவீலைச் சரியாக நேர்ப்படுத்தாமல் பூட்டிக் கொடுத்தார்கள். அறுபதுக்கு மேல் கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போகும் வண்டியாக அது மாறிவிட்டது. தேவையில்லாமல் திறக்காதிருப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றைப் பார்த்ததுதான்.

எல்லாம் பூட்டியாயிற்று என்றால், ஆர்.சி.யையும் பாருங்கள்: சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், நின்ற காலத்தில் அது தீர்ந்திருக்கலாம், காப்பீடும் அப்படியே. முதல் நாள் பத்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். இறங்கியதும் ஒவ்வொரு நட்டையும் கை வைத்துப் பாருங்கள், இந்த வண்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் சுபாவம் உடையது. அடுத்த வாரம் புதுக்கோட்டை போய் வாருங்கள். அதன் பின் ஒரே நாளில் முந்நூறு கிலோமீட்டர், வழியில் இரண்டு இடத்தில் அரை மணி நேரம் நிறுத்தி. எழுபதைத் தாண்ட வேண்டாம். பையில் ஒரு பிளக், ஒரு செட் பாயின்ட், கண்டென்சர், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், செயின் லாக், ட்யூப் ஒன்று, அரை லிட்டர் எண்ணெய் இருக்கட்டும். ஆழியாறிலிருந்து ஏறுவதில் சிரமமிருக்காது. அந்தக் கனத்த ஃப்ளைவீல் இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டு போய்விடும். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். சூடேறிய டிரம் பிடிப்பை இழந்தால் லீவர் எவ்வளவு இறுக்கினாலும் வண்டி நிற்காது.

அந்த முந்நூறு கிலோமீட்டர் ஓட்டம் முடிந்த மாலையில், இஞ்சின் சூடாக இருக்கும்போதே புதிதாக ஊற்றிய எண்ணெயை ஒரு வெள்ளை வேட்டித் துணியில் வடியுங்கள், ஃபில்டர் ஃபெல்ட்டையும் பிரித்து விரித்துப் பாருங்கள். கறுப்புக் கசடு வரும், அது பழைய அழுக்கு. காந்தத்தில் ஒட்டும் நைசான இரும்புத் தூள் சிறிது வந்தால் கவலை வேண்டாம், புது எண்ணெய் ஊற்றி, முன்பு சொன்னபடியே ஃபில்டர் மூடியில் கசிவு பார்த்து, வால்பாறைக்குக் கிளம்பலாம். காந்தத்தில் ஒட்டாத, வெயிலில் பொன்னிறமாக மின்னும் செதில்கள் துணியில் தெரிந்தால் அது பிக் எண்ட் புஷ்ஷின் வெண்கலம். அப்போது பயணத்தைத் தள்ளிவைத்து, அந்தத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போய், அண்ணே, நீங்கள் சொன்னபடியே இஞ்சினை இறக்கிவிடலாம் என்று சொல்லுங்கள்.